இருபத்துநான்கு சாமந்தித் தொட்டிகள்

மார்ச் பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, பதினோரு வீடுகள் கொண்ட ஒரு மூன்று மாடிக் குடியிருப்பின் வண்டி நிறுத்தும் இடத்தில் நடந்த சங்கக் கூட்டத்தில், மொட்டைமாடியில் இருந்த பூந்தொட்டிகளைப் பற்றி முப்பத்தைந்து நிமிடம் பேசப்பட்டது.

தொட்டிகள் இரண்டாவது மாடியில் குடியிருந்த பெண்ணுடையவை. பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறை ஒன்றில் துணி வெட்டும் பிரிவு அவள் பொறுப்பில் இருந்தது. பட்டறையில் அவளைக் கட்டிங் மாஸ்டர் என்பார்கள். அந்தப் பெயர் எப்படியோ குடியிருப்புக்கும் வந்து சேர்ந்து, எல்லோருக்கும் அவள் மாஸ்டர் ஆகிவிட்டாள். கணவன் எலெக்ட்ரீஷியன். அவன் தங்கை அதே கட்டடத்தில் முதல் மாடியில் இருந்தாள்.

தொட்டிகளை எடுக்க வேண்டும் என்றவர் மூன்றாவது மாடிக் கணக்கு வாத்தியார். துணி காயப்போட மாடியில் இடம் போதவில்லை என்பது அவர் குறை.

"பூச்செடி பூச்செடின்னு சொல்றாங்க. மூணு வருஷமா நான் மேல போய்ப் பார்த்ததெல்லாம் இலைதான். பூவைக் கண்ணுல பார்த்ததில்ல" என்றார்.

அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. மல்லி மலரும் நேரத்தில் அவர் மாடிக்கு வந்ததில்லை. அவர் வரும் நேரத்துக்குச் செம்பருத்தி சுருங்கிவிடும். ஆனால் மாஸ்டர் அதையெல்லாம் சொல்லவில்லை.

"சார், டிசம்பர் பொதுக்கூட்டத்தன்னிக்கு மேல வாங்க. இருபத்திநாலு சாமந்தி வைக்கப் போறேன். இருபத்திநாலும் பூத்து நிக்கும்."

"நிக்கலைன்னா?"

"மொத்தத் தொட்டியையும் நானே எறக்கிடறேன். நீங்க கொடி கட்டிக்கங்க."

செக்ரட்டரி தபால் இலாகாவில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். சொன்னதைச் சொன்னபடியே நோட்டில் எழுதி, பேனாவை அவளிடம் நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

படியேறும்போது கணவன் கேட்டான்: "ஒரு பத்துன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

"இடம் இருபத்திநாலுக்கு இருக்கே."

அவளிடம் முந்தைய வருடத்துச் சாமந்திச் செடிகள் நான்கு இருந்தன. பூ முடிந்து, தண்டு காய்ந்து, பார்க்கிறவர்கள் செத்துவிட்டது என்று நினைக்கும் நிலையில் ஓரமாகக் கிடந்தன. மண்ணைக் கிளறினால் வேரைச் சுற்றிச் சிறிய முளைகள். ஒவ்வொன்றையும் வேரோடு பிரித்து எட்டு அங்குலத் தொட்டிகளில் நட்டாள். வரிசைக்கு ஆறு, நான்கு வரிசை. வெட்டு மேசையில் துணி விரிக்கிற கைக்கு வரிசை கோணினால் பொறுக்காது; அளவு நாடா வைத்துப் பார்த்துத்தான் தொட்டிகளை வைத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று நான்கு முளைகளை உடைந்த வாளி ஒன்றில் தனியாகப் போட்டாள்.

கோடை அவளுக்குச் சாதகமாகத்தான் ஆரம்பித்தது. ஏப்ரலில் மல்லி கணக்கில்லாமல் பூத்தது. காலை ஆறு மணிக்கு ஒரு கிண்ணம், அடுத்த நாள் இரண்டு கிண்ணம். சாப்பாட்டு மேசையில், பல் தேய்க்கும் இடத்தில், கணவனின் ஸ்க்ரூடிரைவர் டப்பாவில் என்று வீடெல்லாம் மல்லி. ஜினியா சிவப்பும் ஆரஞ்சுமாக நின்றது. பறித்தாலும் ஒரு வாரம் வாடாது. பறிக்காமல் விட்டால் அதைவிட அதிகம். காலையில் வேலைக்குப் போகுமுன் இருபது நிமிடம் மாடியில் நிற்பது அவளுக்குப் பட்டறையின் எட்டு மணி நேரத்தைத் தாங்கும் தெம்பைக் கொடுத்தது. அந்த இருபது நிமிடத்தில் அவள் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. நேற்று இல்லாத எது இன்று இருக்கிறது என்று பார்ப்பாள், அவ்வளவுதான்.

மே மாதம் செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தது. தண்டு கணுக்களில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளை வெள்ளையாக. சோப்புத் தண்ணீர் அடித்தால் போகும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலையை முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கு அடித்தாள். பூச்சியும் போயிற்று, இலையும் போயிற்று. ஓரமெல்லாம் இஸ்திரிப்பெட்டி பட்ட துணி மாதிரி பழுப்பு. செம்பருத்தி மறுபடி துளிர்க்க ஒன்றரை மாதம் ஆயிற்று. நல்லவேளையாக அன்று சாமந்தி வரிசைக்குப் போகுமுன் சோப்புத் தண்ணீர் தீர்ந்திருந்தது.

ஜூனில் சாமந்தி ஒரு சாண் உயரம் வந்தது. அவள் கத்தரியை எடுத்துக்கொண்டு வரிசையாக நுனிகளைக் கத்தரித்தாள். துணி எடுக்க மேலே வந்த நாத்தனார் வாயைப் பிளந்தாள்.

"என்ன அண்ணி, வளர வளர நறுக்கிட்டே வர்றீங்க? பட்டறையில வெட்டினது போதலையா?"

"நுனியை எடுத்தாத்தான் பக்கக் கிளை வரும். ஒரு கிளையில ஒரு பூவா, பத்துக் கிளையில பத்துப் பூவா, எது வேணும் உனக்கு?"

"எனக்கு ஒரு டீ போதும். போட்டுக் குடுத்துட்டு வெட்டுங்க."

இரண்டாம் முறையும் கத்தரித்தாள். ஜூலை தொடக்கத்தில் ஒவ்வொரு தொட்டியிலும் எட்டிலிருந்து பன்னிரண்டு கிளைகள். செடிகள் குட்டையாக, குடை விரித்ததுபோல் நின்றன. பிறகு மழை வந்தது. முதல் வாரத்திலேயே இரண்டு தொட்டிகளில் அடித்துளை அடைத்துக்கொண்டு தண்ணீர் தேங்கியது. அவள் கவனிப்பதற்குள் வேர் அழுகி, இலைகள் தொங்கிவிட்டன. உடைந்த வாளியில் இருந்த உபரிச் செடிகளில் இரண்டு அந்த இடத்துக்கு வந்தன. மற்ற இரண்டை நத்தை தின்றுவிட்டது. இனி மாற்றுச் செடி இல்லை.

அந்த மாதம் பட்டறையில் வேலை அதிகம். வீடு திரும்ப ஏழு மணி ஆகும். மழை இல்லாத ஒருநாள் இருட்டில் தண்ணீர் ஊற்றப் போய் மாஸ்டர் ரப்பர் குழாயில் கால் சிக்கி விழுந்தாள். முழங்காலில் சிராய்ப்பு, ஒரு ஜினியாத் தொட்டி காலி. மறுநாளே கணவன் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கம்பம் நட்டு ஒரு ஃபிளட் லைட் போட்டான். வெளிச்சம் குறைந்தால் தானே எரியும், விடிந்தால் தானே அணையும். சுவிட்சே கிடையாது.

"ஊசியில நூல் கோக்கலாம் பாரு, அவ்வளவு வெளிச்சம்" என்றான்.

அந்த விளக்கு எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. ஆகஸ்ட் கூட்டத்தில் சங்கம் அதைப் பொது மின்சாரத்தோடு சேர்த்துக்கொண்டது. எலெக்ட்ரீஷியனுக்கு நன்றி என்று செக்ரட்டரி நோட்டில் எழுதினார். கணக்கு வாத்தியாருக்குச் சர்க்கரை இருந்தது. தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அவர் மாலை ஆறரையிலிருந்து ஏழரை வரை, விளக்கு வெளிச்சத்தில், மாடியைச் சுற்றி நாற்பது சுற்று நடக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு சுற்றிலும் சாமந்தி வரிசையைத் தாண்டிப் போவார்.

செப்டம்பரில் செடிகள் பார்க்க அழகாக இருந்தன. தழைத்து, கரும்பச்சையாக, ஒரு பூச்சி இல்லாமல். மொட்டு மட்டும் இல்லை. இன்னும் நாள் இருக்கிறது என்று விட்டுவிட்டாள். அக்டோபர் பத்தாம் தேதி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த நர்சரியில் சாமந்தி மொட்டோடு விற்பனைக்கு வந்தது. பட்டாணி அளவு மொட்டுகள். அவள் பஸ்ஸை விட்டுவிட்டு உள்ளே போய், தன் செடிகள் மொட்டு விடாததைச் சொன்னாள்.

நர்சரிக்காரர் கேட்டார்: "உரம் எவ்வளவு போடறீங்க?"

"பத்து நாளுக்கு ஒரு தடவை."

"அதான். செடிக்கு ராஜ வாழ்க்கை குடுத்தா அது ஏன் பூக்கப் போகுது? பட்டினி போடுங்க, தானா வழிக்கு வரும்."

அவள் உரத்தை நிறுத்தினாள். மூன்று வாரம் ஆயிற்று. அடியிலைகள் மஞ்சளாயின. மொட்டு வரவில்லை. தெருவில் போகும்போது மற்றவர் வீட்டு வாசல்களில் சாமந்தி நிறம் காட்டத் தொடங்கியிருந்தது. நாத்தனார் மேலே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணி, இது கீரைன்னா சொல்லிடுங்க, நான் ஒரு கட்டு எடுத்துக்கறேன்" என்றாள். மாஸ்டர் சிரித்தாள். ஆனால் அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது டிசம்பர் இருபத்தாறாம் தேதிப் பொதுக்கூட்டத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று கணவனிடம் இரண்டு முறை கேட்டாள்.

அக்டோபர் முப்பத்தொன்று, ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஒவ்வொரு தொட்டியாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தவள், நான்காவது வரிசையின் கடைசித் தொட்டியில் நின்றாள். அது தண்ணீர்த் தொட்டியை ஒட்டி இருந்தது. அந்தச் செடியில் மொட்டு இருந்தது. செடி முழுக்க இல்லை. தண்ணீர்த் தொட்டிப் பக்கமாக இருந்த கிளைகளில் மட்டும் பதினேழு. மறு பாதியில் ஒன்றுகூட இல்லை. ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே பட்டினி. வெயிலும் பகல் முழுக்க இரண்டு பக்கமும் படுகிறது; அவள் மதியம் ஒரு முறை வந்து அதையும் பார்த்துக்கொண்டாள்.

மாலை காய்ந்த துணிகளை எடுக்க மேலே போனாள். ஆறு மணிக்கு விளக்கு எரிந்தது. தண்ணீர்த் தொட்டியின் நிழல் தரையில் சட்டென்று விழுந்தது. நிழலின் ஓரம் அந்தச் செடியின் நடுவே ஏறிப் போயிற்று.

துணிகளைக் கைப்பிடிச் சுவர் மேல் போட்டுவிட்டுக் கீழே ஓடி, துணியில் குறி போடும் சாக்கட்டியை எடுத்து வந்தாள். நிழலின் ஓரத்தில் தரையில் கோடு போட்டாள். கோட்டைப் பூந்தொட்டியின் மேலும் ஏற்றினாள். மொட்டு விட்ட கிளைகள் எல்லாம் கோட்டுக்கு இருட்டுப் பக்கம். மொட்டில்லாத கிளைகள் எல்லாம் வெளிச்சப் பக்கம். வெட்டு மேசையில்கூட இவ்வளவு சுத்தமாகக் கோடு விழுந்ததில்லை.

நர்சரிக்காரருக்குப் போன் போட்டாள்.

"மாடியில ராத்திரி முழுக்க விளக்கா? இதை முன்னாடியே சொல்ல மாட்டீங்களாம்மா?" என்றார் அவர். "இருட்டு நீளுதுன்னு தெரிஞ்சாத்தான் சாமந்தி மொட்டு விடும். என் கடையிலயே தெருவிளக்குக்குக் கீழ இருக்கிற வரிசை கடைசியிலதான் பூக்கும். உங்க செடி இன்னும் கோடைன்னு நெனச்சுட்டிருக்கு."

"இன்னிலேருந்து இருட்டு காட்டினா?"

"பூ விரிய அம்பதுலேருந்து அறுபது நாள்."

"நீங்க பட்டினி போடச் சொன்னீங்களே."

"நீங்க விளக்கைப் பத்திச் சொல்லலையே" என்றார்.

கணவன் மேலே வந்து கோட்டைப் பார்த்தான். குனிந்து மொட்டுகளை எண்ணினான். விளக்கைப் பார்த்தான்.

"வெளிச்சம்னா செடிக்கு நல்லதுன்னுதானே எல்லாரும் சொல்றாங்க" என்றான்.

"பகல்ல."

"அப்ப ஜூலையிலேருந்து நான்தான் கெடுத்துட்டு இருந்திருக்கேன்."

"நான் விழுந்ததுக்காகப் போட்டீங்க. எனக்கு மட்டும் தெரிஞ்சுதா என்ன?"

"நாளைக்கே கழட்டிடறேன்."

"கழட்ட முடியாது. இப்ப அது சங்கத்து விளக்கு. வாத்தியார் நடக்கிறார்."

மறுநாள் மாலை வாத்தியார் ஏழாவது சுற்றில் இருந்தபோது மாஸ்டர் குறுக்கே போய் நின்று விஷயத்தைச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு உட்கார்ந்து கோட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மறுபடி பார்த்தார்.

"ஒரு செடியை வச்சு முடிவுக்கு வரக் கூடாது, மாஸ்டர். பத்து செடி வெளிச்சத்துல, பத்து செடி இருட்டுல வச்சுப் பார்க்கணும்."

"அதுக்கு எனக்கு நாள் இல்ல சார்."

"விளக்கை அணைக்க நான் ஒத்துக்க முடியாது. இருட்டுல நடந்து நானும் விழணுமா?"

"அணைக்கச் சொல்லலையே. நீங்க பாட்டுக்கு நடங்க. செடிக்குத் தெரியாம நடந்தாப் போதும்."

"அதெப்படி?"

"துணி தைக்கறவ நான். மூடிடறேன்."

வாத்தியார் எழுந்து விரல் விட்டு எண்ணினார். "இன்னிக்கு நவம்பர் ஒண்ணு. கூட்டத்துக்கு அம்பத்தஞ்சு நாள். நர்சரிக்காரர் அறுபதுன்னா நீங்க தோத்தீங்க. அம்பதுன்னா நான் தோத்தேன்."

"அம்பதுதான் சார்" என்றாள் அவள்.

கால்சட்டைப் பைக்கு உள்ளே வைக்கும் கறுப்புத் துணியைப் பட்டறையிலிருந்து வாங்கி வந்தாள். ஒற்றைத் துணியை விளக்கில் பிடித்துப் பார்த்தாள், வெளிச்சம் ஊடுருவியது. இரட்டையாக மடித்தாள், நின்றது. தலையணை உறை மாதிரி ஒன்று தைத்து, அடியில் எலாஸ்டிக் வைத்து, ஒரு செடிக்கு மாட்டிப் பார்த்தாள். துணி இலைகளை அழுத்தியது. கணவன் ஒயர் இழுக்கும் பிளாஸ்டிக் குழாயை வளைத்து, தொட்டியில் குத்தி நிற்கும்படி கூண்டு செய்தான். அதன்மேல் உறை கூடாரம்போல் நின்றது. மூன்று நாள் மாலையும் அவன் வேலையிலிருந்து நேரே வந்து கூண்டு வளைத்தான், அவள் தைத்தாள். நவம்பர் ஐந்தாம் தேதி மாலை ஐந்தே முக்காலுக்கு இருபத்துநான்கு தொட்டிகளும் கறுப்பு உறைக்குள் போயின.

நாத்தனார் பார்த்துவிட்டு, "ராத்திரி யாராவது மேல வந்தா மாரடைச்சுப் போயிடுவாங்க" என்றாள்.

அதன்பிறகு தினமும் ஐந்தே முக்காலுக்குப் போடுவது, காலை ஆறரைக்கு எடுப்பது. ஒருநாள் தவறினாலும் செடி குழம்பும் என்று நர்சரிக்காரர் சொல்லியிருந்தார். காலை வேலை கணவனுடையது. மாலைக்காக மாஸ்டர் பட்டறையில் பேசி அரை மணி நேரம் முன்னால் கிளம்பினாள். அதற்காகக் காலையில் அரை மணி முன்னால் போனாள். நவம்பர் இரண்டாவது வாரம் ஒருநாள் மேசையில் வெட்டும் இயந்திரம் மாட்டிக்கொண்டு, அவள் வீட்டுக்கு வரும்போது ஏழு. இரண்டிரண்டு படியாக ஏறினாள். உறைகள் எல்லாம் போட்டிருந்தன. எலாஸ்டிக்கூட முறுக்கில்லாமல் சரியாக இருந்தது. வாத்தியார் நடந்துகொண்டிருந்தார்.

"நீங்களா சார்?"

"நடக்கிற வழியில இருந்தது. போட்டேன்."

"நீங்க எதிர்க்கட்சியாச்சே."

"ஓட்டு டிசம்பர்ல. இது நவம்பர்" என்று சொல்லிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போனார்.

தண்ணீர்த் தொட்டிப் பக்கத்துச் செடியைத் தவிர மற்றவற்றில், நவம்பர் இருபத்தொன்றில்தான் முதல் தொட்டியில் குண்டூசித் தலை அளவுக்கு மொட்டு தெரிந்தது. மாஸ்டர் அதைக் கணவனுக்குக் காட்டினாள். அவன் பூதக்கண்ணாடி எடுத்து வந்தான். ஒரு வாரத்தில் எல்லாத் தொட்டிகளிலும் வந்துவிட்டது. அந்த வாரம் அவள் பட்டறையில் ஒருமுறைகூடக் கோபப்படவில்லை என்று அங்கிருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

மாதக் கடைசியில் மூன்று நாள் விடாத தூறல். உறைகள் காயவில்லை. ஈர உறைகளையே போட வேண்டியிருந்தது. நான்காம் நாள் இரண்டாவது வரிசையில் இரண்டு செடிகளின் மொட்டுகளில் சாம்பல் நிறப் பூசணம் படர்ந்திருந்தது. கிள்ளிப் பார்த்தாள், தண்டுக்குள்ளும் கறுப்பு. மற்றவற்றுக்குப் பரவுமுன் அவற்றைப் பிடுங்கிப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பினாள். இரவோடு இரவாக இன்னொரு செட் உறை தைத்தாள். ஒரு செட் காயும்போது இன்னொன்றைப் போடலாம்.

"இருபத்திரெண்டு" என்றான் கணவன்.

"தெரியும்."

"செக்ரட்டரி கிட்ட முன்னாடியே சொல்லிடலாமா?"

"அன்னிக்கு அவரே எண்ணிக்கட்டும்."

டிசம்பர் பத்துக்கு மேல் மொட்டுகள் நிறம் காட்டின. அதற்கப்புறம் உறை வேண்டாம் என்றார் நர்சரிக்காரர். மஞ்சள், வெள்ளை, செங்கல் நிறம் என்று மூன்று வகை. மஞ்சள்தான் முதலில் விரிந்தது. இருபதாம் தேதிக்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அவள் மேலே போகும்போது நேற்றைவிட இரண்டு மூன்று தொட்டிகள் அதிகமாகத் திறந்திருந்தன. பனியில் இதழ்கள் நனைந்து நின்றன. அந்த வாரம் இருபது நிமிடம் நாற்பது நிமிடம் ஆயிற்று. கணவனும் டீயை மேலேயே கொண்டுவந்து குடித்தான். செங்கல் நிறத்தில் மூன்று தொட்டிகள் மட்டும் மூடிய மொட்டோடு நின்றன. அவள் அவற்றை வெயில் அதிகம் படும் இடத்துக்கு மாற்றினாள். அவை அவசரப்படவில்லை.

டிசம்பர் இருபத்தாறு, காலை பத்தரை. செக்ரட்டரி கூட்டத்தை மாடியிலேயே வைத்தார். பத்து வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். ஒரு வீடு பூட்டியிருந்தது. வந்தவர்கள் முதலில் வரிசைகளுக்கு நடுவே நடந்தார்கள். யாரோ போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். நாத்தனார் தன் வீட்டுப் பூ போல எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள்.

செக்ரட்டரி மார்ச் மாதக் குறிப்பை வாசித்தார். "இருபத்திநாலும் பூத்து நிக்கும். பூக்கவில்லையென்றால் மொத்தத் தொட்டியையும் நானே இறக்கிவிடுகிறேன்."

கணக்கு வாத்தியார் முதல் வரிசையிலிருந்து கடைசி வரை எண்ணினார். பிறகு கடைசியிலிருந்து முதல் வரை எண்ணினார்.

"பத்தொன்பது" என்றார்.

"பத்தொன்பதுதான்" என்றாள் மாஸ்டர். "மூணு இன்னும் மொட்டு. ரெண்டு அழுகிப் போச்சு. சொன்னது இருபத்திநாலு. நான் இல்லைன்னு சொல்லல."

"அப்ப எறக்கிடறீங்களா?" என்று கேட்டார் செக்ரட்டரி.

"எறக்கணும்னா எறக்கறேன். கையெழுத்துப் போட்டிருக்கேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். போன வருஷம் இதே நாள் இங்க என்ன இருந்துச்சு, அடுத்த வருஷம் என்ன இருக்கணும்னு நீங்களே சொல்லுங்க. விளக்கைப் பத்தி இப்ப எனக்குத் தெரியும். அடுத்த வருஷம் செப்டம்பர்லயே மூடிடுவேன். நவம்பர்லயே பூக்கும்."

"மறுபடி நம்பர் சொல்லாதே" என்று கணவன் மெல்லச் சொன்னான். அருகில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"இதுல சங்கம்தான் முடிவெடுக்கணும்" என்றார் செக்ரட்டரி. "வாத்தியார் சார், நீங்கதானே கொண்டு வந்தீங்க. என்ன சொல்றீங்க?"

"பூ நல்லா இருக்கு. நான் பார்த்ததிலேயே நல்லா இருக்கு" என்றார் வாத்தியார். "ஆனா பத்தொன்பது, இருபத்திநாலு இல்ல. எழுதினது எழுதினதுதான்."

"சரியாத்தான் சொல்றார்" என்றாள் மாஸ்டர்.

ஓட்டு எடுக்கப்பட்டது. தொட்டிகள் இருக்கட்டும் என்று ஆறு வீடுகள் கை தூக்கின. வேண்டாம் என்று நான்கு. வாத்தியார் நான்கில் ஒருவர். மேற்குப் பக்கம் துணி காயப்போட நான்கடி இடம் ஒதுக்குவது என்றும், தொட்டிகளை அந்த அளவுக்குக் கிழக்கே தள்ளி வைப்பது என்றும் முடிவாயிற்று. செக்ரட்டரி அதை நோட்டில் எழுதினார். கூட்டம் பதினொன்று இருபதுக்கு முடிந்தது.